த்ராட்டில் பாடியைக் கடைந்து பெரிதாக்கினேன், மைலேஜ் குறைந்தது

ஒரே வருடத்தில் என் காரின் த்ராட்டில் பாடியை ஏழு முறை கழற்றி மாட்டியிருக்கிறேன். பெடலை மிதித்தால் திறந்து இன்ஜினுக்குள் காற்றை விடுகிற பாகம் அது. அதன் நான்கு போல்ட்டில் கீழே இடது பக்கம் இருப்பதற்கு மட்டும் எக்ஸ்டென்ஷன் வேண்டும் என்பது இப்போது விரலுக்கே தெரியும். இந்த ஏழில் இரண்டு முறை கழற்றியதுதான் உருப்படியான வேலை. மீதி ஐந்தும் நானே செய்து நானே சரிசெய்துகொண்ட தப்புகள். அதைத்தான் எழுதப்போகிறேன்.

வண்டி பழையது. 1.3 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல், சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர், கேபிளில் இழுக்கும் த்ராட்டில். 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. மூன்றாவது கியரில் ஒரு லாரியைத் தாண்டலாம் என்று மிதித்தால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். லிட்டருக்கு 16.5 கொடுத்துக்கொண்டிருந்தது 15-க்கு வந்துவிட்டது. "இன்ஜினுக்குக் காற்று பத்தவில்லை, வாயைப் பெரிசு பண்ணு" என்று வண்டி விஷயம் பேசுகிற நண்பர்கள் ஆளாளுக்குச் சொன்னார்கள். கேட்க நியாயமாகவும் இருந்தது. மூக்கடைப்போடு எவன் வேகமாக ஓடுவான்?

முதல் தடவை கழற்றியபோது கையில் வந்தது உள்ளங்கை அளவு அலுமினியக் குழாய், நடுவில் வட்டத் தகடு. அந்தத் தகட்டைத்தான் பட்டர்ஃப்ளை என்கிறோம். அதை வெர்னியர் வைத்து அளந்தேன், 52 மி.மீ. தகடு உட்கார்ந்திருக்கும் ஷாஃப்ட் 8 மி.மீ. தகட்டின் பின்பக்கம், அதாவது இன்ஜினைப் பார்த்த பக்கம், விளிம்பைச் சுற்றிக் கண்மை தீட்டியது போலக் கறுப்பாக ஒரு வளையம் படிந்திருந்தது. தொட்டால் பிசுபிசுப்பு, மோந்தால் பழைய ஆயில் வாசனை. இன்ஜினின் அடிவயிறான கிராங்க் கேஸிலிருந்து பிசிவி குழாய் வழியாக வருகிற ஆயில் ஆவி வருடக்கணக்காகப் படிந்து உண்டாகிற கரி அது. தகடு மூடியிருக்கும்போது ஓரத்தில் இருக்கிற முடி அளவு இடைவெளியை இந்தக் கரி அடைத்துவிடும். அப்புறம், பெடலிலிருந்து காலை எடுத்திருக்கும்போது இன்ஜின் அணையாமல் ஓட (இதுதான் ஐடிலிங்) காற்று விடுகிற ஐடில் வால்வ் அதை ஈடுகட்ட அதிகமாகத் திறந்தே கிடக்கும், ஏசி போட்டால் இன்ஜின் குலுங்கும்.

துணியில் கிளீனரை நனைத்துத் துடைத்தேன். இதில் ஒரு எச்சரிக்கை: சில த்ராட்டில் பாடிகளில் உட்சுவரில் கருஞ்சாம்பல் நிறத்தில் மெல்லிய பூச்சு இருக்கும், தகடு இறுக்கமாக மூட கம்பெனியே பூசி அனுப்புவது. அதையும் கரி என்று நினைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வெள்ளி மாதிரி பளபளக்க வைத்தவர்கள் உண்டு. அதற்குப் பிறகு ஐடிலிங் எகிறும். மெத்தென்ற துணியும் பழைய டூத் பிரஷும் போதும். கிளீனரை நேராக உள்ளே பீய்ச்சாமல் துணியில் நனைத்துத் துடைப்பது நல்லது, ஷாஃப்ட் முனையில் இருக்கிற சென்சாருக்குள் அது இறங்கினால் வம்பு.

சுத்தம் செய்து மாட்டியதும் ஐடிலிங் சீரானது, காலை வைத்தால் முதல் அசைவு மென்மையாக வந்தது, மைலேஜ் 15.5 காட்டியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு இது ஒரு 'மாடிஃபிகேஷன்' ஆகவே தெரியவில்லை, வெறும் துடைப்பு வேலைதானே என்று கணக்கிலேயே எடுக்கவில்லை. பின்னால் எல்லாம் குழம்பியதற்கு முதல் காரணம் அதுதான். எதைச் செய்தாலும் ஒன்றைச் செய்து, இரண்டு டேங்க் ஓட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்ததைத் தொட வேண்டும் என்று இப்போது சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

அடுத்தது ஷாஃப்ட். முழுசாக மிதித்துத் தகடு படுத்துவிட்டாலும் நடுவில் 8 மி.மீ. கம்பி குறுக்கே நிற்கிறது. 52 மி.மீ. வட்டத்தின் பரப்பு 2,124 சதுர மி.மீ., அதில் ஷாஃப்ட் மறைப்பது 416. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு! இந்தக் கணக்கைப் போட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தகட்டுக்கு மேலும் கீழும் இருக்கிற ஷாஃப்ட்டைத் தேய்த்து 4 மி.மீ. ஆக்கினால் மறைப்பு பாதியாகிவிடும். செலவும் இல்லை, ஒரு அரம், உப்புத்தாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

இந்த வேலையில் இருக்கிற ஆபத்து அந்த இரண்டு சின்ன ஸ்க்ரூ. தகட்டை ஷாஃப்ட்டோடு பிடித்திருக்கிற அந்த ஸ்க்ரூக்களின் வால், மறுபக்கம் பஞ்ச் வைத்து அடித்து மலர்த்தப்பட்டிருக்கும், தானாகக் கழன்று விழாமல் இருக்க. திருப்புளியை வைத்து அப்படியே திருகினால் ஷாஃப்ட்டில் இருக்கிற மரை போய்விடும். முதலில் மலர்ந்த வாலை அரத்தால் தேய்த்துத் தட்டையாக்கிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். தகட்டை எடுக்கும் முன் எந்தப் பக்கம் மேலே, எது வெளியே என்று மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். பார்க்க வட்டமாக இருந்தாலும் அது வட்டம் கிடையாது, லேசான நீள்வட்டம், விளிம்பும் சாய்வாகச் சீவப்பட்டிருக்கும். திருப்பிப் போட்டால் உட்காராது.

திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூவை முழுசாக முறுக்காமல், தகடு லேசாக ஆடுகிற அளவுக்கு மட்டும் வைத்து, லீவரைத் திறந்து விட்டு நாலைந்து தடவை 'டப் டப்' என்று மூட விடுங்கள். தகடு தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். பிறகு மூடிய நிலையிலேயே டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி முடி அளவுக் கீற்று தெரிந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் பிறை மாதிரி வெளிச்சம் வந்தால் இன்னொரு முறை. சரியாக வந்தபின் நீல நிற த்ரெட் லாக்கர் போட்டு இறுக்கி, வாலைத் திரும்பப் பஞ்சில் மலர்த்த வேண்டும். த்ரெட் லாக்கர் மட்டும் போதும் என்று விட்டுவிடாதீர்கள். அந்த ஸ்க்ரூ கழன்றால் போகிற இடம் ஒன்றே ஒன்றுதான், வால்வ் வழியாக சிலிண்டருக்குள். அரிசி அளவு ஸ்க்ரூ ஒரு இன்ஜினையே முடித்துவிடும்.

அதற்குப் பிறகு ஓட்டினேன். பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் 'கொஞ்சம் ஃப்ரீயாக இருக்கிறது' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், நண்பர்களிடமும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்த்தவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

அடுத்து ஆசை வளர்ந்து லேத்துக்குப் போனது. நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், கழித்துப்போட்ட வண்டியிலிருந்து அதே மாடல் த்ராட்டில் பாடி இன்னொன்றை வாங்கிக்கொண்டது. அதைக் கொடுத்து 56 மி.மீ.க்குக் கடைந்து தரச் சொன்னேன். லேத்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதில் எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. உள்ளே ஏதோ ஓட்டை போகிறது, அது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்தாயா?" என்றார். நான் பார்த்திருக்கவில்லை. ஐடில் வால்வுக்குப் போகிற பக்கவழி, குழாய்ச் சுவருக்குள்ளேயே ஓடுகிறது. கம்பியை விட்டு அளந்து பார்த்தோம், 56-க்குக் கடைந்தால் சுவர் 1.5 மி.மீ. மிஞ்சும். "இன்னும் ஒரு சுற்று கேட்டிருந்தால் சல்லடையாகியிருக்கும்" என்றார். அவர் மட்டும் கேட்காமல் சொன்னதைச் செய்து கொடுக்கிற ரகமாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

"புதுத் தகடு?" என்றார் அடுத்து. 56 மி.மீ.க்கு ஒரு வட்டம் வெட்டிப் போட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். தகடு மூடும்போது நேராக நிற்காது, சில டிகிரி சாய்ந்து நிற்கும், இல்லாவிட்டால் சுவரில் குத்திச் சிக்கிக்கொள்ளும். என் பாடியில் அந்தச் சாய்வு 8 டிகிரி. அதனால் ஒரு பக்கம் 56, மறுபக்கம் 56.5 சொச்சம் வர வேண்டும். அதை வெட்டுகிற வழி அழகானது: ஒரு உருளையின் முனையை அதே 8 டிகிரி சாய்வாக வெட்டி, பித்தளைத் தகட்டை அதில் வைத்துப் பிடித்து, அப்படியே லேத்தில் 56-க்குக் கடைவது. நீள்வட்டமும் வரும், விளிம்பின் சாய்வும் தானாக வரும். அவர் அதைச் செய்து முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்று பார்த்தேன். இந்தக் கதையில் எனக்கு முழுத் திருப்தி கொடுத்த அரை மணி நேரம் அதுதான்.

வீட்டுக்கு வந்து மாட்டப் போனால் மேனிஃபோல்டின் (காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்புகிற குழாய்த் தொகுதி) வாய் 52-லேயே இருக்கிறது! கேஸ்கட்டும் 52. பாடி 56, அதற்கு அடுத்து 2 மி.மீ. படிக்கட்டு. காற்று அதில் முட்டிக்கொண்டு போனால் நாலு மி.மீ. கூட்டியதற்கு என்ன பலன்? மேனிஃபோல்டையும் கழற்றி, வாயை அரத்தால் சாய்வாகத் தேய்த்து 56-லிருந்து 52-க்கு நைசாக இறக்க வேண்டியதாயிற்று. வண்டியிலேயே வைத்துத் தேய்க்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அலுமினியத் தூள் நேராக வால்வுக்கு மேல் விழும். கழற்றித்தான் தேய்க்க வேண்டும், தேய்த்தபின் சோப்புத் தண்ணீரில் கழுவி, காற்றடித்து, வெள்ளைத் துணியால் உள்ளே துடைத்துத் துணி வெள்ளையாகவே வருகிறவரை விடக்கூடாது.

ஸ்டார்ட் செய்தேன். ஐடிலிங் 1,400. அப்புறம் 900. மறுபடி 1,400. மூச்சு வாங்குகிற மாதிரி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. ஆனாலும் ஓட்டிப் பார்க்காமல் இருக்க முடியுமா? காலை வைத்தவுடன் சீறியது. அப்படி ஒரு சந்தோஷம்! பத்து கிலோமீட்டர் சிரித்துக்கொண்டே ஓட்டினேன்.

அந்தச் சீற்றம் என்னவென்று புரிய இரண்டு வாரம் ஆனது. வாய் பெரிதானதால் பெடலின் அதே அசைவுக்கு 16 சதவீதம் அதிகப் பரப்பு திறக்கிறது. முன்பு கொஞ்சம் கூட மிதித்தால் கிடைத்தது இப்போது கொஞ்சம் குறைவாக மிதித்தாலே கிடைக்கிறது, அவ்வளவுதான். இன்ஜின் 2,000 ஆர்பிஎம்மில் இருக்கும்போது பாதி த்ராட்டில் திறந்தாலே அது கேட்கிற காற்று ஏறக்குறைய முழுசும் வந்துவிடும், மீதிப் பாதி பெடலில் சும்மாதான் கால் போகிறது. அதனால் பெடலின் முதல் பாதி சுறுசுறுப்பாகத் தெரிகிறது, இன்ஜின் பலசாலியானதாக மனசு எடுத்துக்கொள்கிறது. நெரிசலில் முதல் கியரில் ஊர்ந்து போகும்போது அதே சுறுசுறுப்பு வெட்டி வெட்டி இழுத்தது, பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்கள்.

போனில் ஸ்பீடோமீட்டரை வீடியோ எடுத்து, மூன்றாவது கியரில் 50-லிருந்து 100 வருகிற நேரத்தைப் பார்த்தேன். ஆளில்லாத நேர் ரோடு, போகிற திசையிலும் வருகிற திசையிலும், போனைப் பிடிக்க இன்னொருவர். பழைய பாடியில் 11.4, 11.7, 11.5 விநாடி. கடைந்த பாடியில் 11.5, 11.3, 11.6. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மைலேஜ்? 14.1.

இதற்குக் காரணம் தேடினபோதுதான் ஒன்று கவனித்தேன். இறக்கத்தில் கியரில் வைத்துக் காலை எடுத்தால் வண்டி முன்பு நன்றாகப் பிடித்து நிற்கும், இப்போது யாரோ பின்னாலிருந்து லேசாகத் தள்ளுகிற மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. கியரில் வைத்துக் காலை எடுத்தால் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர்) இன்ஜெக்டரையே நிறுத்திவிடும், அந்த நேரத்தில் ஒரு சொட்டுப் பெட்ரோல் போகாது. ஆனால் அதற்கு 'த்ராட்டில் மூடியிருக்கிறது' என்று டிபிஎஸ் (ஷாஃப்ட் முனையில் இருக்கிற அந்த சென்சார்) சொல்ல வேண்டும். மூடிய நிலையில் அந்த சென்சார் பழைய பாடியில் 0.5 வோல்ட் காட்டியது. என் புதுப் பாடியில் 0.74. தகடு சரியாக உட்காரவில்லை என்று, அது மூடி எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கிற நிறுத்து ஸ்க்ரூவை நான் திருகிவிட்டிருந்தேன், கம்பெனி பெயின்ட் போட்டு 'தொடாதே' என்று அடைத்து அனுப்புகிற அதே ஸ்க்ரூ. ஈசியூ பார்வையில் நான் எப்போதும் காலை லேசாக வைத்தே ஓட்டுகிறேன். இறக்கத்திலும் சிக்னலை நோக்கி உருளும்போதும் பெட்ரோல் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. சில வண்டிகளில் ஈசியூ மூடிய நிலை வோல்ட்டைத் தானாகக் கற்றுக்கொள்ளும், என்னுடையது அந்த ரகம் கிடையாது.

லேத்காரரிடம் போய் இன்னொரு தகடு கடைந்து, ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, சென்சாரின் ஓட்டையைக் கொஞ்சம் நீளமாக்கி 0.5-க்கு வைத்ததும் ஐடிலிங் 850-ல் நின்றது, இறக்கத்தில் பிடிப்பு திரும்பியது, மைலேஜ் 15.4. ஆக இரண்டு மாதம் உழைத்து, துணியால் துடைத்தபோது இருந்த இடத்துக்கே திரும்ப வந்து சேர்ந்தேன்.

அதற்கப்புறம்தான், முதல் நாள் செய்ய வேண்டியதைச் செய்தேன்: அளந்தேன்.

ஈசியூவோடு இணைத்து அதன் சென்சார்கள் சொல்வதைப் படிக்கிற ஓபிடி ஸ்கேனரில் மேப் சென்சாரைப் பார்க்கலாம், மேனிஃபோல்டுக்குள் இருக்கிற காற்றழுத்தம். சாவியை ஆன் செய்து இன்ஜினைக் கிளப்பாமல் பார்த்தால் அது வெளிக்காற்றின் அழுத்தம், என் வண்டியில் 100 கிலோபாஸ்கல் காட்டியது. பிறகு இரண்டாவது கியரில் முழுசாக மிதித்து 5,800 ஆர்பிஎம்மில் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். பழைய பாடியைப் போட்டுப் பார்த்தேன், 96. ஆக ஃபில்டர் வாயிலிருந்து மேனிஃபோல்ட் வரைக்கும் சேர்த்தே மொத்த நஷ்டம் 4. முழு த்ராட்டிலில் 1 கிலோபாஸ்கல் என்றால் தோராயமாக 1 சதவீத பவர். எல்லாத் தடையையும் மாயமந்திரத்தில் நீக்கினால்கூட 4 சதவீதத்துக்கு மேல் இங்கே எடுக்க ஒன்றும் இல்லை.

அந்த நாலில் த்ராட்டிலின் பங்கு எவ்வளவு? அதற்குக் கண்ணாடி மாதிரியான நீளமான பிளாஸ்டிக் ட்யூப் போதும். 'யு' மாதிரி வளைத்துப் பலகையில் கட்டி, பாதி வரை நீலத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே இருக்கிற ரப்பர் குழாயில் சொருகுங்கள், மறுமுனை திறந்திருக்கட்டும். இரண்டு பக்கத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் 10.2 செ.மீ. என்றால் 1 கிலோபாஸ்கல். பக்கத்தில் உட்காருகிறவர் படித்துச் சொல்லட்டும். இதை மறந்தும் த்ராட்டிலுக்குப் பின்னால், மேனிஃபோல்ட் பக்கம் சொருகிவிடாதீர்கள். காலை எடுத்தவுடன் அங்கே உண்டாகிற உறிஞ்சல் தண்ணீரை ஆறு மீட்டருக்கு மேல் இழுக்கக்கூடியது, உங்கள் நீலத் தண்ணீர் முழுசும் இன்ஜினுக்குள் போய்விடும்.

எனக்கு வந்தது 28 செ.மீ. அதாவது 2.75 கிலோபாஸ்கல், த்ராட்டிலுக்கு வந்து சேரும் முன்பே. ஸ்கேனர் முழு எண்ணாகத்தான் காட்டும் என்பதால் மிச்சத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியாது, ஆனால் த்ராட்டிலின் பங்கு 1-ஐ ஒட்டித்தான் இருக்கும். காகிதத்தில் போட்டுப் பார்த்தாலும் அதே சேதிதான். 1.3 லிட்டர் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை நிரம்புகிறது, 6,000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 3,900 லிட்டர், 85 சதவீதம் நிரம்புவதாக வைத்தால் 3,300, அதாவது விநாடிக்கு 55 லிட்டர். ஷாஃப்ட் போக மிஞ்சுகிற 1,700 சதுர மி.மீ. வழியாக அது விநாடிக்கு 32 மீட்டர் வேகத்தில் போகும். அந்த வேகத்தில் போகிற காற்றின் மொத்த உந்தலே 0.6 கிலோபாஸ்கல்தான். ஷாஃப்ட்டை மெலிதாக்கி 56-க்கும் கடைந்தால் அது 0.4-க்கு வரும். என் இரண்டு மாத உழைப்பின் பலன் கால் சதவீதத்தைத் தாண்டாது. அந்த 'ஐந்தில் ஒரு பங்கு மறைப்பு' என்ற கணக்கு பொய்யில்லை, ஆனால் ஐந்தில் நாலு பங்கே இந்த இன்ஜினுக்குத் தாராளமாக இருந்தது. கேம் ஷாஃப்ட் மாற்றியவர்கள், இன்ஜினைப் பெரிதாக்கியவர்கள், 8,000 ஆர்பிஎம் வரை விரட்டுகிறவர்கள் கதை வேறு. அவர்கள் ட்யூபில் அளந்தால் அது தெரிந்துவிடும்.

மைலேஜ் விஷயத்திலோ, இதைத் தொட்டதற்கே அர்த்தம் இல்லை. சமமான ரோட்டில் 60-ல் போகும்போது ஸ்கேனர் மேனிஃபோல்டில் 38, 40 என்று காட்டும். அதாவது 60 கிலோபாஸ்கல் தடையை த்ராட்டில் வேண்டுமென்றேதான் உண்டாக்கி வைத்திருக்கிறது, அந்த வேகத்துக்கு அவ்வளவு காற்று போதும் என்பதால். அகலமான குழாய் போட்டாலும் ஒரு வாளியை அதே நேரத்தில் நிரப்ப வேண்டுமானால் டேப்பைக் குறைத்துத்தானே திறப்போம், அதே மாதிரி பெரிய த்ராட்டிலைக் குறைவாகத் திறப்போம். உறிஞ்சுவதில் இன்ஜின் படுகிற பாடு அப்படியே இருக்கும். அதைக் குறைக்க ஓட்டுகிறவன் கையில் இருக்கிற ஒரே வழி, இன்ஜின் திணறாத அளவுக்கு உயர்ந்த கியரில், குறைந்த ஆர்பிஎம்மில், பெடலைக் கொஞ்சம் தாராளமாக மிதித்து ஓட்டுவது.

தகட்டுக்குக் கீழே சுவரில் பள்ளம் வெட்டினால் காற்று சுழன்று பெட்ரோல் நன்றாகக் கலக்கும் என்று ஒருவர் எனக்குச் செய்துதர முன்வந்தார். நல்லவேளை, அதற்குள் எனக்குக் கொஞ்சம் புத்தி வந்திருந்தது. இந்த வகை இன்ஜினில் பெட்ரோல் சேர்வதே வால்வுக்குப் பக்கத்தில். த்ராட்டிலில் உண்டான சுழல் மேனிஃபோல்ட் வயிற்றுக்குள் போய்க் கலைந்துவிடும், பெட்ரோலை அது பார்க்கப்போவதே இல்லை.

சரி, அந்த 28 செ.மீ. எங்கே போகிறது? ஃபில்டரை மாற்றினேன், 17-க்கு இறங்கியது. பிறகு ஸ்கேனரில் உள்ளே போகிற காற்றின் வெப்பநிலை கண்ணில் பட்டது: ஓடும்போதே 49 டிகிரி, வெளியே 31. ஃபில்டர் பெட்டிக்கு முன்னால் இருக்கிற உறிஞ்சுகுழாயைப் பார்த்தால், அது க்ரில் பக்கம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டியது, கிளிப் உடைந்து ரேடியேட்டருக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கிறது. 3 டிகிரி சூடு ஏறினால் காற்றின் அடர்த்தி சுமார் 1 சதவீதம் குறையும், 18 டிகிரிக்கு கிட்டத்தட்ட 6 சதவீதம். கிளிப் போட்டுக் குழாயைப் பழைய இடத்தில் மாட்டினேன், 36-க்கு வந்தது. மூன்றாவது கியரில் 50-லிருந்து 100-க்கு 11 விநாடி, ஒரு தடவை 10.9. ஒரு பிளாஸ்டிக் கிளிப். (மைலேஜுக்கு இது உதவாது. மெதுவாகப் போகும்போது சூடான காற்றென்றால் த்ராட்டில் கொஞ்சம் கூடத் திறக்கும், அது லேசான லாபம்கூட. பிக்கப்புக்குத்தான் இது.)

எலெக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள வண்டிக்காரர்கள் இதில் எதையும் என்னைப் பார்த்துச் செய்ய வேண்டாம். அதில் பெடலுக்கும் தகட்டுக்கும் கேபிள் கிடையாது, எவ்வளவு திறப்பது என்பதை ஈசியூ தீர்மானிக்கிறது. வாயைப் பெரிதாக்கினால் அது எதிர்பார்த்த காற்றும் வந்த காற்றும் ஒத்துப்போகாமல் எச்சரிக்கை விளக்கு எரியலாம். சுத்தம் செய்யும்போதும் தகட்டை விரலால் தள்ளித் திறக்காதீர்கள், உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் கியர் கெடலாம். சாவி ஆனில் இருந்தால் தகடு பட்டென்று மூடி விரலையும் கவ்வும். சுத்தம் செய்தபின் பல வண்டிகளில் ஐடிலிங்கைத் திரும்பக் கற்றுக்கொடுக்க ஒரு முறை இருக்கும், மேனுவலைப் பார்த்துச் செய்யுங்கள்.

மைலேஜ் அப்போதும் 15.6-லேயே நின்றது. ஒவ்வொரு தடவையும் அதே பங்க்கில் அதே கன் தானாக நிற்கிறவரை நிரப்பி, டயர் காற்றைச் சரிபார்த்து, 400 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டிப் பார்த்த கணக்கு இது. ஒரு மாற்றத்தைப் போட்டுப் பார்த்து, கழற்றிப் பார்த்து, மறுபடி போட்டும் பார்க்க வேண்டும், ஒரு டேங்கை வைத்து எதையும் சொல்லக்கூடாது. எதுவும் மாற்றாத இரண்டு டேங்குக்கு நடுவிலேயே எனக்கு 0.6 வரை வித்தியாசம் வந்திருக்கிறது.

ஸ்கேனர் திரையில் மேப் வரிக்குக் கீழே கூலன்ட் வெப்பநிலை வரும். இரண்டு மாதமாக அதைத் தாண்டித் தாண்டித்தான் மேப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓடியபிறகும் 70, 71. இந்த இன்ஜினின் தெர்மோஸ்டாட் (சூடேறிய பிறகுதான் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடுகிற வால்வ்) திறக்க ஆரம்பிக்க வேண்டியதே 82-ல். அது திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டிருந்தது. இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து ஈசியூ எப்போதும் கொஞ்சம் பெட்ரோலைக் கூட ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறது. டேஷ்போர்டு முள்ளும் நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழேதான் நின்றிருக்கிறது, 'கூலாக ஓடுகிறது, நல்லது' என்று நான் பெருமைப்பட்டதும் உண்டு.

தெர்மோஸ்டாட்டும் அதன் ரப்பர் வளையமும் மாற்ற நாற்பது நிமிடம் ஆனது, அதில் பாதி நேரம் கூலன்ட் ஊற்றிக் காற்றை வெளியேற்றத்தான். அடுத்த மூன்று டேங்கும் 16.2, 16.5, 16.4. இப்போது வண்டியில் இருப்பது பழைய 52 மி.மீ. பாடி, மெலிந்த ஷாஃப்ட்டோடு. அந்த ஷாஃப்ட்டைப் பழையபடி ஆக்க முடியாது என்பதால் அப்படியே ஓடுகிறது, ஒவ்வொரு முறை சுத்தம் செய்யும்போதும் அந்த இரண்டு ஸ்க்ரூவின் வாலைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.